ஐரோப்பிய ராஜாக்களோட கல்யாண சம்பந்தத்தை நாமளே சார்ட் போட்டு புரிஞ்சுக்கிறது எப்படி

ஐரோப்பா வரலாறு படிக்க உக்காந்தா பத்தாவது பக்கத்துலயே தலை சுத்த ஆரம்பிச்சிடும், காரணம் போர் இல்ல, கல்யாணம். யாரு யாருக்கு மாமன், எந்த மரியா எந்த ஃபெர்டினாண்டோட பொண்டாட்டி, இந்த ஆளு ஏன் ஒட்டு உறவே இல்லாத நாட்டுக்கு ராஜாவா போய் உக்காருறான், ஒண்ணும் பிடிபடாது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் முழிச்சிட்டு இருந்தேன், அப்புறம் ஒரு நாள் பழைய மாதக் காலண்டர் பின்பக்கத்துல பென்சிலால கோடு போட ஆரம்பிச்சேன், இப்ப எந்த ராஜா பேரைச் சொன்னாலும் அரை மணி நேரத்துல யாருக்கு என்ன முறைன்னு பிடிச்சிடுவேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல, சில பழக்கம் மட்டும் வேணும்.

முதல் வேலை, கசின்ங்கிற வார்த்தையை தூக்கி குப்பையில போடுங்க. இங்கிலீஷ் புக்ல எல்லாரும் எல்லாருக்கும் கசின்தான், அத்தை மகனும் கசின், சித்தி மகனும் கசின், பெரியப்பா மகனும் கசின். நமக்குத்தான் இதுக்கெல்லாம் தனித்தனி பேரு கையில இருக்கே, அதை வச்சு எழுதினா பாதி குழப்பம் அங்கயே போயிடும். 1914-ல சண்டை போட்ட மூணு ராஜாவும் கசின்ஸ்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பான். முறை வச்சு பாருங்க. இங்கிலாந்து ஐந்தாம் ஜார்ஜோட அம்மா அலெக்ஸாண்ட்ரா, ரஷ்யா இரண்டாம் நிக்கோலஸோட அம்மா டாக்மார், ரெண்டு பேரும் டென்மார்க் ராஜா ஒன்பதாம் கிறிஸ்டியனோட பொண்ணுங்க, அக்கா தங்கச்சி. அப்ப நிக்கோலஸ் ஜார்ஜுக்கு சித்தி மகன், அதாவது தம்பி, அவங்க அப்பாங்க ரெண்டு பேரும் சகலை. 1913-ல பெர்லின்ல எடுத்த போட்டோவுல ஜார்ஜும் நிக்கோலஸும் பக்கத்து பக்கத்துல நிப்பாங்க பாருங்க, தாடி உட்பட ஒரே அச்சு. ஜெர்மனி இரண்டாம் வில்ஹெல்மோ ஜார்ஜுக்கு அத்தை மகன், ஜார்ஜோட அப்பா ஏழாம் எட்வர்டோட அக்கா விக்கியோட பையன், வயசுலயும் மூத்தவரு, அதனால அத்தான் முறை. வில்ஹெல்முக்கும் நிக்கோலஸுக்கும்? நிக்கோலஸோட பொண்டாட்டி அலிக்ஸோட அம்மா ஆலிஸ், விக்கிக்கு தங்கச்சி, அப்ப அலிக்ஸ் வில்ஹெல்முக்கு சித்தி பொண்ணு, தங்கச்சி முறை, நிக்கோலஸ் மாப்ள. 1914 ஜூலை கடைசியில போர் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வில்லி, நிக்கின்னு கையெழுத்து போட்டு இங்கிலீஷ்ல தந்தி அடிச்சுக்கிட்டாங்கல்ல, அது மச்சானும் மாப்ளயும் அடிச்ச தந்தி. ஒரு கசின் மூணு வேற உறவா பிரிஞ்சிடுச்சு பாத்தீங்களா.

ஆனா ஒண்ணு, நம்ம முறை வேற அவங்க முறை வேற, அதை மறந்துட்டு இப்படியெல்லாம் நடந்திருக்காதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நமக்கு அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கிற முறை, சித்தி பெரியம்மா பிள்ளைங்க கூடப்பிறந்தவங்க மாதிரி. அவங்களுக்கு அந்த வித்தியாசமே கிடையாது, சர்ச் கணக்குல எல்லாமே நெருங்கின ரத்தம், எல்லாத்துக்கும் போப்கிட்ட அனுமதி வாங்கணும், வாங்கிட்டா எல்லாமே ஓகே. புனித ரோமப் பேரரசர் (ஜெர்மனி பக்கம் இருந்த பேரரசு) ஐந்தாம் சார்லஸ் 1526-ல செவில் ஊர்ல போர்ச்சுகல் இசபெல்லாவை கட்டினாரு, ரெண்டு பேர் அம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. நம்ம கணக்குல அண்ணன் தங்கச்சி! முதல் தடவை வரைஞ்சப்ப எங்கயோ கோடு மாத்தி போட்டுட்டேன்னு அழிச்சிட்டு திரும்ப வரைஞ்சேன், திரும்பவும் அதே தான் வந்துச்சு.

சரி சார்ட்டுக்கு வருவோம். பெரிய சார்ட் பேப்பர், பென்சில், நல்ல ரப்பர், சிவப்பும் பச்சையும் ரெண்டு பேனா போதும். மேல இருந்து கீழ வரையாதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஆதி தாத்தால ஆரம்பிச்சா ஒவ்வொருத்தருக்கும் பத்து புள்ளைங்க, மூணாவது தலைமுறையில பேப்பர் தீந்துடும். ஒரே ஒரு ஆளை எடுத்துக்கிட்டு பின்னாடி போங்க. அதுக்கு ஒரு நம்பர் கணக்கு இருக்கு, வம்சாவளி ஆராயுறவங்க ரொம்ப காலமா பயன்படுத்துறது. நீங்க எடுத்துக்கிட்ட ஆளு 1. அப்பா 2, அம்மா 3. யாரோட நம்பரா இருந்தாலும் ரெண்டால பெருக்கினா அவங்க அப்பா, அதோட ஒண்ணு கூட்டினா அவங்க அம்மா. 1-ஐ தவிர இரட்டை நம்பர் எல்லாம் ஆம்பளை, ஒற்றை நம்பர் எல்லாம் பொம்பளை. அவ்வளவுதான்.

ஒரு ஆளை வச்சு போட்டு பாத்துடுவோம். ஸ்பெயின் இளவரசர் டான் கார்லோஸ், 1545-ல பிறந்தவரு, இவருதான் 1. அப்பா இரண்டாம் பிலிப் 2, அம்மா போர்ச்சுகல் மரியா மனுவேலா 3. பிலிப்போட அப்பா நாம மேல பாத்த ஐந்தாம் சார்லஸ், அவரு 4, அம்மா இசபெல்லா 5. மரியா மனுவேலாவோட அப்பா போர்ச்சுகல் ராஜா மூன்றாம் ஜுவான் 6, அம்மா கேத்தரின் 7. இது வரைக்கும் நாலு பேரும் வேற வேற ஆளுங்க, சரி. இப்ப அடுத்த வரிசை. சார்லஸோட அப்பா அம்மா பிலிப்பும் (2-ஆம் நம்பர் பிலிப் இல்ல, அவரோட தாத்தா) யுவானாவும், 8, 9. இசபெல்லாவோட அப்பா அம்மா மனுவேலும் மரியாவும், 10, 11. ஜுவானோட அப்பா அம்மா யாரு? அதே மனுவேலும் மரியாவும், 12, 13. கேத்தரினோட அப்பா அம்மா? அதே பிலிப்பும் யுவானாவும், 14, 15. எட்டு பேர் இருக்க வேண்டிய வரிசையில நாலே பேர். அதுலயும் 9 யுவானாவும் 11 மரியாவும் கூடப்பிறந்தவங்கன்னு முன்னாடியே பாத்தோம், அதனால அடுத்த வரிசையில பதினாறு பேருக்கு பதிலா ஆறே பேருதான் தேறுவாங்க.

இது எப்படி ஆச்சுன்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்திருக்காங்க. சார்லஸ் தன் தங்கச்சி கேத்தரினை 1525-ல ஜுவானுக்கு குடுத்தாரு, அடுத்த வருஷமே ஜுவானோட தங்கச்சி இசபெல்லாவை தனக்கு எடுத்தாரு. அந்த ரெண்டு ஜோடிக்கும் பிறந்த பிள்ளைங்களை 1543-ல கட்டி வச்சாங்க. பிலிப்புக்கு மரியா மனுவேலா அத்தை மகளும் மாமன் மகளும், ரெண்டும் ஒண்ணா. டபுள் மொறைப்பொண்ணு. ஒரே பேரு சார்ட்ல ரெண்டு நம்பர்ல வந்தா பச்சை பேனாவால ரெண்டையும் சேத்து ஒரு கோடு இழுத்துடுங்க. சார்லஸோட வம்சம், ஆஸ்திரியாவையும் ஸ்பெயினையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு இப்படி நாலு தலைமுறை போட்டீங்கன்னா பேப்பர் பூரா பச்சைக் கொடியா படர்ந்திருக்கும். அதே குடும்பத்துல ஸ்பெயின் கிளையோட கடைசி ராஜா இரண்டாம் கார்லோஸ், அவரோட அம்மா மரியானா அவரோட அப்பா நான்காம் பிலிப்புக்கு சொந்த தங்கச்சி மகள். தாய்மாமன் கல்யாணம், நமக்கும் பழகினதுதான், ஆனா அந்தப் பொண்ணை முதல்ல பேசி முடிச்சது பிலிப்போட பையனுக்கு, பையன் 1646-ல செத்துட்டான், அப்பா 1649-ல தானே கட்டிக்கிட்டாரு.

பேருதான் அடுத்த பெரிய தலைவலி. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல பிறந்த வருஷம் கண்டிப்பா எழுதுங்க, இதுல சோம்பேறித்தனம் பண்ணினா அனுபவிப்பீங்க. நான் அனுபவிச்சேன். இரண்டாம் கார்லோஸ் சார்ட்ல பவேரியா மரியா அன்னான்னு ஒரு பேரு வந்துச்சு, அப்புறம் இன்னொரு இடத்துலயும் பவேரியா மரியா அன்னா வந்துச்சு, ஆகா ஒரே ஆளுன்னு பச்சை கோடு இழுத்துட்டேன், இழுத்ததும் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் தன் சொந்த அம்மாவையே கட்டின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் பாத்தா ஒருத்தி 1551-ல பிறந்தவ, இன்னொருத்தி 1574. மூத்தவ ஃபெர்டினாண்டோட அம்மா, சின்னவ அந்த அம்மாவோட அண்ணன் பொண்ணு. பையன் மாமன் மகளை கட்டியிருக்கான், அவளுக்கு அத்தை பேரையே வச்சிருக்காங்க, அவ்வளவுதான் விஷயம். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ரப்பர் வச்சு தேய்ச்சேன்.

ஒரே ஆளுக்கு பட்டத்து நம்பரும் (முதலாம், ஐந்தாம்ங்கிறது) ரெண்டு வரும். ஸ்பெயினுக்கு முதலாம் கார்லோஸ், பேரரசுக்கு ஐந்தாம் சார்லஸ், ரெண்டும் 1500-ல, இன்னிக்கு பெல்ஜியத்துல இருக்கிற கென்ட் ஊர்ல பிறந்த அதே ஆளு. கல்யாணத்துக்காக மதம் மாறினா பேரும் மாறும், ரஷ்யாவோட கேத்தரின் தி கிரேட் பிறந்தப்ப ஜெர்மன்கார பொண்ணு சோஃபி, 1744-ல ஆர்த்தடாக்ஸ் ஆனப்பதான் யெகத்தரீனா. ரஷ்ய தேதி பாக்கும்போது பழைய காலண்டரா புதுசான்னு பாத்துக்கோங்க, 19-ஆம் நூற்றாண்டுல 12 நாள் வித்தியாசம் வரும், நிக்கோலஸ் பிறந்த நாள் ஒரு புக்ல மே 6, இன்னொண்ணுல மே 18, ரெண்டும் சரிதான்.

இப்ப முக்கியமான கட்டம். கல்யாணக் கோட்டுக்கு மேல வெறும் வருஷத்தை மட்டும் எழுதிட்டு போயிடாதீங்க, ரெண்டு விஷயம் சேத்து எழுதுங்க: பொண்ணு என்ன கொண்டு வந்துச்சு, எதை விட்டுக் குடுத்துட்டு வந்துச்சு. ஏன்னா கல்யாணம் நடந்த அன்னிக்கு யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது, நாப்பது வருஷம் கழிச்சு அந்த ஒப்பந்தத்துல இருக்கிற ஒரு வரி எந்திரிச்சு வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பதினான்காம் லூயி கல்யாணம் இதுக்கு சரியான பாடம். 1615-ல ஃபிரான்ஸும் ஸ்பெயினும் பொண்ணு மாத்திக்கிட்டாங்க, ரெண்டு நாட்டு எல்லையில ஓடுற பிடாசோவா ஆத்துல வச்சு நிஜமாவே மணப்பொண்ணுங்களை கைமாத்தினாங்க. ஸ்பெயின் பொண்ணு ஆன், பதிமூன்றாம் லூயிக்கு. லூயியோட தங்கச்சி எலிசபெத், ஸ்பெயினோட வருங்கால நான்காம் பிலிப்புக்கு. ஆனுக்கு பிறந்தது பதினான்காம் லூயி, எலிசபெத்துக்கு பிறந்தது மரியா தெரேசா, ரெண்டு பேரும் 1638 செப்டம்பர்ல அஞ்சே நாள் வித்தியாசத்துல பிறந்தவங்க. அப்புறம் ரெண்டு நாடும் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டு, 1659-ல அதே ஆத்துக்கு நடுவுல இருக்கிற ஃபெசன்ட் தீவுல சமாதானம் பேசினப்ப இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு முடிவாச்சு, 1660-ல நடந்துச்சு. மரியா தெரேசாவுக்கு மாமியாரு சொந்த அத்தை, மாமனாரு (அவரு அதுக்குள்ள போய் சேந்துட்டாரு) சொந்த தாய்மாமன். அந்த தீவை இன்னிக்கும் ரெண்டு நாடும் ஆறு ஆறு மாசம் மாத்தி மாத்தி வச்சுக்குது, அது தனிக் கதை.

ஒப்பந்தத்துல என்ன போட்டாங்கன்னா, பொண்ணு ஸ்பெயின் சிம்மாசனத்து மேல இருக்கிற உரிமையை விட்டுக் குடுக்கணும், பதிலுக்கு ஸ்பெயின் 5,00,000 தங்க எக்கூ சீதனம் கட்டணும். ஃபிரான்ஸ் பக்கத்து ஆளுங்க விவரமானவங்க, பணம் வந்து சேந்தாதான் உரிமையை விட்டது செல்லும்ங்கிற மாதிரி வாசகத்தை அமைச்சுட்டாங்க. ஸ்பெயின் கஜானா அப்ப காலி, சீதனத்தை கட்டவே இல்ல. 1667-லயே லூயி பொண்டாட்டி பங்குன்னு சொல்லி ஸ்பெயின் கையில இருந்த நெதர்லாந்து பகுதிக்குள்ள படையோட போயிட்டாரு. 1700 நவம்பர்ல மரியா தெரேசாவோட தம்பி (அப்பா ஒண்ணு, அம்மா வேற) இரண்டாம் கார்லோஸ் வாரிசு இல்லாம கண்ணை மூடினாரு, உயில்ல அக்கா பேரன் பிலிப்புக்கு ராஜ்யத்தை எழுதி வச்சிருந்தாரு. அப்பாவோட தாய்மாமன் சொத்துன்னு பேரன் போய் உக்காந்தான், மத்த நாடுங்க சும்மா விடுமா, 1701-ல இருந்து 1714 வரைக்கும் சண்டை. கடைசியில பிலிப் ஸ்பெயினை வச்சுக்கலாம், ஆனா ஃபிரான்ஸோட சேக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. இன்னிக்கு ஸ்பெயின்ல இருக்கிற ஆறாம் ஃபெலிப்பே அந்த வம்சம்தான். சார்ட்ல 1660 கோட்டு மேல நான் சீதனம் பாக்கின்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன், அதுவே போதும்.

அதுக்கப்புறம் இறந்த வருஷம். இதை சிவப்புல எழுதுங்க, ராஜ்யம் எப்படி கை மாறிச்சுன்னு கண்ணுல தெரியும். ஹாப்ஸ்பர்க் கல்யாணம் பண்ணியே ராஜ்யம் சேத்தாங்கன்னு சொல்லுவாங்க, பாதி உண்மை. ஐந்தாம் சார்லஸோட தாத்தா மாக்ஸிமிலியன் 1477-ல பர்கண்டி மேரியை கட்டினது நேரா லாபம், அவ அப்பா அந்த ஜனவரியிலதான் போர்ல செத்தாரு, ஒரே பொண்ணு. ஆனா ஸ்பெயின் கதை வேற. மாக்ஸிமிலியன் தன் பையன் பிலிப்புக்கு ஸ்பெயின் யுவானாவை எடுத்தாரு 1496-ல, தன் பொண்ணு மார்கரெட்டை யுவானாவோட அண்ணன் யுவானுக்கு குடுத்தாரு 1497-ல. அன்னிக்கு யுவானா ஸ்பெயின் வரிசையில எங்கயோ பின்னாடி. 1497 அக்டோபர்ல அண்ணன் யுவான் செத்தான். 1498-ல அக்கா இசபெல்லா பிரசவத்துல போனா. அந்தக் குழந்தை மிகேல் 1500-ல போச்சு. மூணே வருஷத்துல மூணு சாவு, யுவானா வாரிசு, அவ பையன்தான் நம்ம ஐந்தாம் சார்லஸ். இதை யாரும் பிளான் பண்ணல, சாவு பண்ணிச்சு. சிவப்பு வருஷம் இல்லாம சார்ட்டைப் பாத்தா ஏதோ மாக்ஸிமிலியன் முக்காலமும் தெரிஞ்ச ஞானி மாதிரி தெரியும்.

நிச்சயம் பண்ணி நின்னுபோனதையும் விடாதீங்க, புள்ளி புள்ளியா கோடு போடுங்க. இதே மாக்ஸிமிலியன், மேரி செத்த பிறகு பிரிட்டனி சீமையோட வாரிசு ஆனை 1490-ல பிராக்ஸி கல்யாணம் பண்ணினாரு, அதாவது மாப்பிள்ளை வரல, அவரு சார்பா ஒரு ஆளு நின்னு நடத்தினாரு. அந்த சமயத்துல அவரோட பொண்ணு மார்கரெட், ஃபிரான்ஸ் ராஜா எட்டாம் சார்லஸுக்கு நிச்சயமாகி, மூணு வயசுல இருந்து ஃபிரான்ஸ்லயே வளந்துட்டு இருந்தா. 1491-ல அந்த எட்டாம் சார்லஸ் மார்கரெட்டை விட்டுட்டு ஆனை கட்டிக்கிட்டாரு. மாமனாருக்கு முடிச்ச பொண்ணை மருமகன் தூக்கிட்டான், பொண்ணை 1493-ல திருப்பி அனுப்பினான். அதோட விடல, ஒருவேளை ஆண் வாரிசு இல்லாம நான் செத்தா அடுத்த ராஜாவைத்தான் நீ கட்டணும்னு ஆன்கிட்ட ஒப்பந்தத்துல எழுதி வாங்கினான், 1498-ல வாசல் நிலையில தலை இடிச்சு செத்தும் போனான், ஆனும் அடுத்த ராஜா பன்னிரண்டாம் லூயியை 1499-ல கட்டினா. பிரிட்டனி ஃபிரான்ஸை விட்டு போகக் கூடாது, அவ்வளவுதான் அவங்க கவலை. மாக்ஸிமிலியன் திருப்பி வந்த பொண்ணைத்தான் ஸ்பெயினுக்கு குடுத்தாரு, அங்கயும் ஆறு மாசத்துல விதவை.

மதமும் அந்தஸ்தும் பத்தி ரொம்ப எழுத மாட்டேன், ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன எழுத்து போட்டா போதும், க, பு, ஆ, கத்தோலிக், புராட்டஸ்டன்ட், ஆர்த்தடாக்ஸ். 1701 சட்டப்படி 2015 வரைக்கும் கத்தோலிக்கை கட்டினா பிரிட்டிஷ் சிம்மாசனம் கிடையாது, அதனாலதான் அந்தக் காலத்துல அவங்க பொண்ணெல்லாம் பேரே கேள்விப்படாத ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சமஸ்தானத்துல இருந்து வந்துச்சு. அந்தஸ்துன்னா ஆஸ்திரியா பட்டத்து வாரிசு ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டை (இங்க ஃப்ரான்ஸ் நாடு இல்ல, ஆள் பேரு) பாருங்க, பொண்ணு சோஃபி பிரபுக் குடும்பம்தான், ஆனா அரச குடும்பம் இல்ல, அதனால என் பிள்ளைங்களுக்கு சிம்மாசனம் வேண்டாம்னு 1900 ஜூன் 28-ல சத்தியம் பண்ணிட்டுதான் கட்ட முடிஞ்சுது. சரியா பதினாலு வருஷம் கழிச்சு அதே ஜூன் 28-ல சரயேவோவுல ரெண்டு பேரையும் சுட்டாங்க. வாரிசுப் பட்டம் தம்பி மகன் கார்லுக்குப் போச்சு. இந்த மாதிரி கல்யாணத்துல பிள்ளைங்க பேருக்குக் கீழ ஒரு குறுக்குக்கோடு போட்டு வைங்க, வரிசை அங்க நிக்குதுன்னு அர்த்தம்.

சார்ட் கொஞ்சம் பெருசானதும் சரியா வந்திருக்கான்னு சோதிக்க ஒரு வழி, அம்மா வழியை மட்டும் பிடிச்சு வாங்க. விக்டோரியா ராணியில ஆரம்பிங்க, அவங்களே 1840-ல மாமன் மகன் ஆல்பர்ட்டை கட்டினவங்க, ஒன்பது பிள்ளைங்க. பொண்ணு ஆலிஸ், அவ பொண்ணு அலிக்ஸ், அவ பையன் அலெக்ஸி, ரஷ்ய வாரிசு, ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா. இன்னொரு பொண்ணு பியாட்ரிஸ், அவ பொண்ணு ஏனா 1906-ல ஸ்பெயின் ராஜாவை கட்டினா, ரெண்டு பையன்களுக்கு அதே நோய். உங்க சார்ட்ல இந்த ரெண்டு வழியும் விடுபடாம வந்தா விக்டோரியா பக்கம் சரின்னு அர்த்தம்.

இப்ப ஆலிஸுக்கு திரும்பி வாங்க. அலிக்ஸுக்கு மூத்த அக்கா ஒருத்தி, 1863-ல பிறந்தவ, பேரு அதே விக்டோரியா. அவ பொண்ணு ஆலிஸ், பாட்டி பேரு. அந்த ஆலிஸோட பையன் பிலிப், இரண்டாம் எலிசபெத் ராணியோட வீட்டுக்காரரு, 1921-ல பிறந்தவரு. அப்ப 1918-ல குடும்பத்தோட சுட்டுக் கொல்லப்பட்ட அலிக்ஸ் அவருக்கு சின்னப் பாட்டி. 1991-ல அவங்களைச் சுட்ட ரஷ்ய ஊரு யெகத்தரீன்பர்க் பக்கத்துல எலும்பை தோண்டி எடுத்தப்ப யாரு எலும்புன்னு எப்படி சொல்றதுன்னு பாத்தாங்க, அம்மாகிட்ட இருந்து மட்டும் பிள்ளைக்கு வர்ற ஒரு டிஎன்ஏ இருக்கு, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அது அலிக்ஸுக்கும் பிலிப்புக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும், நடுவுல ஒரு ஆம்பளை கூட வரல. பிலிப் ரத்தம் குடுத்தாரு, 1993-ல பாத்தாங்க, ஒத்துப் போச்சு. உங்க சார்ட்ல அலிக்ஸ்ல இருந்து மேல ஆலிஸுக்குப் போய், அங்கிருந்து பிலிப் வரைக்கும் இறங்குற கோட்டை விரலால தொட்டு பாருங்க, கடைசியில பிலிப் வர்ற வரைக்கும் எல்லாம் பொம்பளை பேராத்தான் வரணும், நடுவுல ஒரு ஆம்பளை பேரு வந்துச்சுன்னா ரப்பரை எடுங்க.